ஆல்டிஹைடு நிலையிலேயே வினையை நிறுத்தும் நுண்துளைச் சவ்வு

[திரையில்: பென்சைல் ஆல்கஹால் மூலக்கூறு]

வாதுமை மணம் தரும் பென்சால்டிஹைடைப் பென்சைல் ஆல்கஹாலிலிருந்து பெற, மூலக்கூறு ஒன்றுக்கு 2 எலக்ட்ரான்களை நீக்கினால் போதும். நச்சுத்தன்மை மிக்க குரோமியச் சேர்மங்கள் செய்துவந்த இந்த வேலையை மின்கலத்தின் நேர்மின்வாயும் செய்யும். ஆனால் உருவான ஆல்டிஹைடு நீருடன் இணைந்து டையாலாக (ஒரே கார்பனில் இரண்டு OH தொகுதிகள் கொண்ட சேர்மமாக) மாறி, மேலும் 2 எலக்ட்ரான்களை இழந்து பென்சோயிக் அமிலமாகிவிடுகிறது.

[திரையில்: கலக்கியுடன் கூடிய கண்ணாடிக் கலம்]

தட்டையான மின்வாயைக் கரைசலில் அமிழ்த்தி நடத்தும் வினையில், எஞ்சிய ஆல்கஹாலையும் மாற்றிவிட வேண்டும் என்று காத்திருக்கும் நேரமெல்லாம் விளைந்த ஆல்டிஹைடும் மின்வாயைத் திரும்பத் திரும்பத் தொட்டு அமிலமாகிறது. வினையூக்கியை மட்டும் மாற்றிப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

[திரையில்: சவ்வின் குறுக்குவெட்டு]

இங்கே சவ்வு என்பது அயனிகளைக் கடத்தும் பிரிப்பான் அன்று; துளைகளின் உட்சுவரில் வினையூக்கி பூசப்பட்ட, மின்சாரம் கடத்தும் டைட்டானியத் தகடே அது. கரைசலை அதன் ஊடாகப் பம்பு தள்ளும்போது, 10 மைக்ரோமீட்டர் அகலத் துளையின் நடுவிலிருக்கும் மூலக்கூறும் சில பத்து மில்லிநொடிகளில் சுவரை அடைந்துவிடுகிறது.

10 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 1 மில்லிமீட்டர் தடிமனும் 40 விழுக்காடு துளைவெளியும் கொண்ட தகட்டில் 0.4 மில்லிலிட்டர் கரைசல் அடங்கும். நிமிடத்துக்கு 4 மில்லிலிட்டர் பாய்ச்சினால், சராசரியாக 6 நொடிகளில் அது வெளியேறிவிடும். லிட்டருக்கு 0.05 மோல் ஆல்கஹால் உள்ள கரைசல் முழுவதையும் ஆல்டிஹைடாக மாற்றச் சுமார் 0.64 ஆம்பியர் தேவை. அதைவிடக் கூடுதலாகச் செலுத்தும் மின்னோட்டம் அமிலத்தை உண்டாக்கவோ, நீரிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றவோதான் செலவாகும்.

பாய்வைக் கூட்டினால் ஆல்டிஹைடு தப்பிக்கிறது. ஆல்கஹாலின் ஒரு பகுதியும் மாறாமலேயே வெளியேறுகிறது. அதைப் பிரித்து மீண்டும் உள்ளே அனுப்புவதே மேல் என்பது என் கருத்து, ஏனெனில் அமிலமாகிவிட்டதை மீட்பது அதைவிடக் கடினம். துளைகளின் அளவு சீராக இல்லாவிட்டால், அகன்றவற்றில் கரைசல் விரைந்து ஓட, குறுகியவற்றில் தேங்கி அமிலமாகும். ஆக்சிஜன் குமிழிகள் அடைத்துக்கொண்டாலும் இதே விளைவுதான்.

[திரையில்: சேகரிப்புக் குடுவை]

சவ்வைத் தாண்டிய பிறகும் ஓர் இடர் உண்டு. கரைசல் வலிமையான காரமாக இருந்தால், கன்னிசாரோ வினையால் பென்சால்டிஹைடு குடுவைக்குள்ளேயே மெல்ல மெல்லப் பாதி ஆல்கஹாலாகவும் பாதி அமில உப்பாகவும் மாறத் தொடங்கும். எனவே வெளிவரும் கரைசலை உடனடியாகக் கரிமக் கரைப்பானுடன் கலந்து, ஆல்டிஹைடை அதற்குள் இழுத்துக்கொள்கிறார்கள்.