பூசணிக்காயும் கட்சிக் கட்டுப்பாடும்

(கும்பகோணம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் காவிரியையும் அரசலாற்றையும் ஒருசேர ஓடவிட்ட தமிழாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் சங்கத்து மூத்தவர்களே, அறுப்பு வேலையைப் போட்டுவிட்டு வலங்கைமானிலிருந்தும் திருவிடைமருதூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உழவர் பெருமக்களே, ஊராட்சித் தலைவர்களாகவும் வார்டு உறுப்பினர்களாகவும் பணியாற்றிய தாய்மார்களே, எல்லாக் கட்சியிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். மேடையில் இருக்கும் வர்த்தக சங்கப் பெரியவர் பெயரை விட்டுவிட்டதாகத் தலைவர் கையைத் தொடுகிறார். ஐயா, பந்தலும் ஒலிபெருக்கியும் உங்கள் உபயம். உங்களை விட்டுவிட்டுக் கூட்டம் நடத்த முடியுமா?

எனக்குக் கொடுத்த தலைப்பு, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தப்பு செய்தால் அவருடைய கட்சி என்ன செய்கிறது என்பது. மூன்று செய்தி சொல்ல வந்தேன். ஒன்று, கட்சி விடும் அறிக்கை. இரண்டு, சபை உரிமை மீறல் புகாரை விசாரிக்கும் மன்றத்தின் உரிமைக் குழு. மூன்று, வேட்பாளர் மேல் உள்ள வழக்கைச் சொல்லும்படி தேர்தல் ஆணையம் கேட்கும் சி-7 படிவம்.

முதலில் அறிக்கை. கட்சிப் பெயரை மட்டும் மாற்றினால் எல்லாக் கட்சிக்கும் பொருந்தும் வாசகம் ஒன்று இருக்கிறது. "கட்சியின் கொள்கை குறிக்கோள்களுக்கு முரணாகவும், கட்சிக்கு அவப்பெயர் ஏற்படும் வகையிலும் செயல்பட்ட காரணத்தால், இன்று முதல் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் தற்காலிகமாக நீக்கி வைக்கப்படுகிறார். கட்சியினர் எவரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது." சொல் சொல்லாகப் பாருங்கள். அவப்பெயர் யாருக்கு? கட்சிக்கு. ஒரு பெண் புகார் கொடுத்திருந்தால், அவர் இதில் எங்கே? விசாரித்தது யார், என்றைக்கு? நீக்கப்பட்டவர் செய்தது என்ன? ஒரு வரி கிடையாது. ஆறு மாதம் கழித்து இன்னொரு அறிக்கை வரும். "வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்ததால் நீக்கம் ரத்து செய்யப்பட்டு, மீண்டும் இணைந்து பணியாற்ற அனுமதிக்கப்படுகிறார்." என்ன தப்பு என்றே எழுதாததால், எதற்கு வருத்தம் என்றும் எழுத வேண்டியதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

நீக்கினால் பதவி போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். போகாது. இதற்கு நம் ஊருக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1991இல் அ.தி.மு.க. சின்னத்தில் ஜெயித்த இரண்டு எம்.எல்.ஏ.க்களை 1994இல் கட்சி நீக்கியது. ஒருவர் ஜி. விசுவநாதன். இன்னொருவர் நம் ஒரத்தநாட்டு உறுப்பினர் அழகு திருநாவுக்கரசு. எந்தக் கட்சியையும் சேராதவர்கள் என்று அவர்களுக்குச் சபையில் தனி இடம் கொடுத்தார்கள். பிறகு வேறு கட்சியில் சேர்ந்தார்கள் என்று பேரவைத் தலைவர் பதவியைப் பறித்தார். 1996இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. நீக்கப்பட்டாலும், எந்தக் கட்சி நிறுத்தி ஜெயித்தாரோ அந்தக் கட்சிக்காரராகத்தான் கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை அவரைப் பார்க்கும் என்பது தீர்ப்பு. அதாவது கட்சி துரத்திய பிறகும் பதவிக்காலம் முழுக்க நாற்காலி அவருடையது. சம்பளம், தொகுதி நிதி, அரசு விழா மேடை எல்லாம் உண்டு. வேறு கட்சிக்குத் தாவினால் போகும். தப்பு செய்ததற்குப் போகாது!

அப்படியானால் எப்போது போகும்? நீதிமன்றம் இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டித்தால் அந்த நிமிடமே போகும். 2013இல் லில்லி தாமஸ் வழக்குத் தீர்ப்பு, மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் பதவி தங்கும் என்ற ஓட்டையை அடைத்தது. 2014 செப்டம்பரில் தீர்ப்பு வந்த அன்றே முதலமைச்சராக இருந்தவர் பதவி இழந்தார். அடுத்த பிப்ரவரியில் ஸ்ரீரங்கத்தில் இடைத்தேர்தல் நடந்தது. ஆனால் வழக்கு அந்தக் கட்டத்தை எட்ட எத்தனை வருடம் ஆகிறது? அதுவரை முடிவு கட்சியின் கையில். கட்சி எதைப் பார்க்கும்? 234 பேர் சபையில் 118 வேண்டும். ராஜினாமா வாங்கினால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல். பொதுத்தேர்தலுக்கு ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும் அது இல்லை. இந்தக் கணக்கை முடித்த பிறகுதான் மனசாட்சி பேசும்.

தேதிகளைச் சொல்கிறேன், கட்சி பார்க்காமல் கேளுங்கள். உன்னாவ் பாலியல் வன்கொடுமை வழக்கில் உத்தரப் பிரதேச பா.ஜ.க. எம்.எல்.ஏ. கைதானது 2018 ஏப்ரல். கட்சியை விட்டு நீக்கியது 2019 ஆகஸ்ட். அதற்கு இரண்டு நாள் முன்பு, அவர் ஏற்கெனவே இடைநீக்கத்தில்தான் இருக்கிறார் என்று மாநிலத் தலைமை சொன்னது. ஹேமாவதி பாயும் ஹாசனில் மதச்சார்பற்ற ஜனதா தள எம்.பி.யின் பாலியல் வீடியோ விவகாரம் வெடித்தது 2024 ஏப்ரல் 26 வாக்குப்பதிவை ஒட்டி. இடைநீக்கம் ஏப்ரல் 30. வாக்குச் சாவடி மூடிய பிறகு. கேரளத்தில் மார்க்சிஸ்ட் கட்சி 2018இல் ஷொரணூர் எம்.எல்.ஏ. மீதான பெண் தோழரின் புகாரைத் தன் இரண்டு தலைவர்களை வைத்துத் தானே விசாரித்து ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. பாலக்காடு காங்கிரஸ் எம்.எல்.ஏ. பாலியல் புகார்களில் 2025 ஆகஸ்டில் இடைநீக்கம், டிசம்பரில் நீக்கம். நம் மாநிலத்தில் 2025 ஏப்ரலில் தி.மு.க. அமைச்சர் ஒருவர் மேடையில் ஆபாசமாகப் பேசியதற்குக் கட்சிப் பதவி 11ஆம் தேதியே போயிற்று. அமைச்சர் பதவி 27ஆம் தேதிவரை இருந்தது. எல்லா இலையிலும் பூசணிக்காய் இருக்கிறது. சோற்றின் அளவுதான் வேறு.

வேகமாக நடந்த ஒன்றைக் கேட்டால் சிரிப்பீர்கள். 2005 டிசம்பர் 12. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க எம்.பி.க்கள் காசு வாங்குகிற காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. வட இந்தியச் சிறு உற்பத்தியாளர் சங்கம் என்று இல்லாத சங்கத்துக்கு ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு பத்திரிகையாளர்கள் போனார்கள். "எங்களுக்காக இதைக் கேளுங்கள்" என்று தாளை நீட்டினார்கள். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள் நம் பிரதிநிதிகள். குறைந்தது 15,000 ரூபாய், அதிகபட்சம் 1,10,000. ஒரு மாட்டின் விலை! சரி, கேள்வி என்ன தெரியுமா? ஜெர்மனியிலிருந்து "யோசேரியன்" டீசல் மின் எஞ்சின் வாங்க ரயில்வே ஆர்டர் கொடுத்திருக்கிறதா? ஐயா, யோசேரியன் என்பது எஞ்சினே இல்லை. அமெரிக்க நாவல் ஒன்றின் கதாநாயகன்! அந்த எஞ்சினை ஐரோப்பிய ரயிலில் சேர்ப்பதை ஒரு குழு நிறுத்திவிட்டதாமே, அமைச்சகத்துக்குத் தெரியுமா என்று துணைக் கேள்வி வேறு. அந்தக் குழுவுக்கும் ஓர் அமெரிக்க எழுத்தாளர் பெயர். இன்னொரு கேள்வியில், சிறுதொழிலில் முதலீடு செய்ய வந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் என்று இணையத்தில் எழுதும் பொடியன்களின் வலைப்பூப் பெயர்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். தாளைப் படித்துப் பார்த்திருந்தால் மாட்டியிருக்க மாட்டார்கள். நோட்டை எண்ணினார்களே தவிர எழுத்தைப் படிக்கவில்லை.

பா.ஜ.க. ஆறு, பகுஜன் சமாஜ் மூன்று, காங்கிரஸ் ஒன்று, ராஷ்டிரிய ஜனதா தளம் ஒன்று. பதினொரு பேர். சபாநாயகர் சோம்நாத் சாட்டர்ஜி ஐந்து பேர் குழு போட்டார். டிசம்பர் 23ஆம் தேதி மக்களவை பத்துப் பேரையும் மாநிலங்களவை ஒருவரையும் வெளியேற்றின. தண்டனை அதிகம் என்று பா.ஜ.க. மக்களவையில் வெளிநடப்பு செய்தது. 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வெளியேற்றம் செல்லும் என்றது. பதினோரே நாள்! மனம் வைத்தால் முடியும். ஏன் முடிந்தது? காட்சி வீடு வீடாக ஓடிவிட்டது. மறைக்கச் சோறு மிச்சமில்லை.

இப்போது இரண்டாவதுக்கு, உரிமைக் குழுவுக்கு, வர வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கிய பட்டியல் எழுத்தருக்கு என்ன ஆகும்? பணி இடைநீக்கம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை அதிகாரி. இங்கே இருக்கும் தாய்மார்கள் ஊராட்சித் தலைவராக இருந்தபோது? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205. ஆட்சியர் நோட்டீஸ் கொடுப்பார், விளக்கம் கேட்பார், வட்டாட்சியர் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர் கருத்தைப் பதிவு செய்வார், ஆட்சியர் நீக்கலாம். எல்லாம் காகிதத்தில், தேதியோடு. எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் ஏன் தலைவர் வீட்டு வராந்தா?

இந்த இடத்தில்தான் நம் கோரிக்கை: ஒவ்வொரு கட்சியும் ஒரு புகார்க் குழு போட வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மூன்று மாதத்துக்குள் புகார், தேவையானால் இன்னொரு மூன்று மாதம். 90 நாளில் விசாரணை, முடிந்து 10 நாளில் அறிக்கை, 60 நாளில் நடவடிக்கை. பெயரை வெளியிடக் கூடாது. சமரசம் என்றால் பணம் கைமாறக் கூடாது. குழு போடாத முதலாளிக்கு 50,000 ரூபாய் அபராதம். ஜவுளிக்கடைக்கு உண்டு, அரிசி ஆலைக்கு உண்டு. கட்சிக்கு? கிடையாது. கட்சிக்கும் தொண்டருக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

சட்டம் கட்டாயப்படுத்தாது, சரி. தானாகப் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 2021 சட்டமன்றத்துக்குத் தேர்வானவர்களில் பெண்கள் 12 பேர். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற 2023 திருத்தம் நடைமுறைக்கு வந்தால் 234இல் 78 பேர் வர வேண்டும். அவர்கள் மாவட்டச் செயலாளரிடம் தனியாகப் போய் சீட்டுக் கேட்கும் நிலை இருக்கும்வரை புகார் எப்படி வெளியே வரும்? புகார் யார்மேலோ அவரேதான் தலைமைக்கு அறிக்கை அனுப்புகிறவர். முழுப் பூசணிக்காயை மறைப்பவரிடமே சாப்பாட்டுப் பந்தியை ஒப்படைத்தால் என்ன ஆகும்? ஆகவே குழுவில் வெளி உறுப்பினர் முக்கியம். அவர் கட்சிக்காரராக இருக்கக் கூடாது, கட்சியின் வழக்கறிஞராகவும் இருக்கக் கூடாது. மாவட்டத்துக்கு ஒரு குழு, பக்கத்து மாவட்டத்துப் பெண் தலைவராக. தஞ்சாவூர் புகாரை நாகப்பட்டினம் விசாரிக்கட்டும், திருவாரூர் புகாரை மயிலாடுதுறை விசாரிக்கட்டும்.

தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். சி-7 பற்றி இரண்டு வரி. வேட்பாளர் மேல் வழக்கு இருந்தால், அவரைத் தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் கட்சி அதைப் பத்திரிகையிலும் தன் இணையதளத்திலும் போட வேண்டும். வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்தவில்லை என்றும் எழுத வேண்டும். "ஜெயிப்பார்" என்பது காரணம் ஆகாது என்று 2020 பிப்ரவரித் தீர்ப்பு சொல்கிறது. போட்டதற்கான அறிக்கை, சி-8 படிவத்தில், 72 மணி நேரத்தில் ஆணையத்துக்கு. உரிமைக் குழுவுக்கு இன்று நேரமில்லை, கேட்கிறவர்களுக்கு வழக்கறிஞர் ஐயா சொல்வார்.

வாசலில் மேசை போட்டிருக்கிறது. கோரிக்கை மனு ஒரே பக்கம், நான்கு கட்டங்கள்: பெயர், ஊர், கையெழுத்து, தேதி. செல்பேசி எண் எழுத வேண்டாம், அந்தத் தாள் எந்த அலுவலகத்தில் போய்க் கிடக்கும் என்று நமக்குத் தெரியாது. ஒருவர் ஒரு தாளில் மட்டும் போடுங்கள். எல்லாக் கட்சி மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரே நாளில் நேரில் கொண்டுபோகிறோம். மனுவை வாங்கினால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். முத்திரை இல்லை என்றால் பதிவு செய்த விரைவுத் தபால், சேர்ப்புச் சான்றோடு. சான்று வந்த கட்சி, வராத கட்சி என்று இரண்டு பட்டியலும் அடுத்த கூட்டத்தில் இந்தப் பந்தலிலேயே ஒட்டப்படும். நன்றியுரை ஆற்ற வர்த்தக சங்கப் பெரியவர் காத்திருக்கிறார். வணக்கம்.