கண்ணுக்குத் தெரிய முதலே ஃபைபர் காட்டின விரிசல்

வணக்கம் மக்களே. போன வீடியோவில், எங்கே எவ்வளவு நீள்கிறது என்று அளக்க ஒரு கொங்கிறீட் பீமின் கம்பியில் ஃபைபர், அதாவது ஒளி போகிற கண்ணாடி இழை, ஒட்டினோம். அதற்குக் கீழே பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி, பீமுக்குள் போட்ட ஃபைபர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று. இருக்கிறது! கொங்கிறீட் கொட்டி, போக்கர் வைபிரேட்டரை உள்ளே விட்டு அதிர வைத்து, பலகை கழற்றி, 28 நாள் பொறுத்து, செயின் போட்டுத் தூக்கி மேடையில் ஏற்றி, இவ்வளவுக்கும் பிறகு கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்தக் கண்ணாடி இழை அறுபடவில்லை. நேற்றுப் பின்னேரம் அந்த பீமை வளைத்துப் பார்த்தோம். அதில் கண்டதைச் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது, அதனால் இன்றைக்கு எடிட்டிங் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

புது ஆட்களுக்காகக் கொஞ்சம். விகாரம் என்பது உயர்தரத்தில் பௌதிகவியலில் படித்ததேதான், நீளம் எவ்வளவு மாறியது என்பதை முதல் இருந்த நீளத்தால் பிரித்தால் வருவது. கட்டடங்களில் அது மிகச் சின்ன எண் என்பதால் பத்து இலட்சத்தில் ஒன்றை மைக்ரோஸ்ட்ரெயின் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஒரு கிலோமீட்டர் கம்பி ஒரு மில்லிமீட்டர் நீண்டால் 1 மைக்ரோஸ்ட்ரெயின். கொங்கிறீட்டை இழுத்தால் ஏறக்குறைய 100, 150 வரை தாங்கும், அதற்கு மேல் வெடிக்கும். உள்ளே இருக்கிற முறுக்குக் கம்பி 2000 தாண்டியும் நிற்கும், அதனால்தான் கொங்கிறீட்டுக்குள் கம்பி போடுகிறோம்.

இதை அளக்க வழக்கமாக ஒட்டுவது ஸ்ட்ரெயின் கேஜ். மெல்லிய படலத்தில் மடிந்து மடிந்து போகிற உலோகக் கோடு, பெரும்பாலும் 120 ஓம் அல்லது 350 ஓம், இழுபட்டால் தடை கூடும். நல்ல சாமான்தான், நான் அதைத் திட்டவில்லை. ஆனால் ஒட்டின இடத்தை மட்டும்தான் அது பார்க்கும். விரிசல் அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி வந்தால் கேஜ் பாட்டுக்கு எல்லாம் சுகம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். எங்கே வெடிக்கும் என்று தெரிந்தவனால்தான் சரியான இடத்தில் ஒட்ட முடியும், தெரிந்துவிட்டால் பிறகு எதற்கு அளக்க வேண்டும்? எனக்கு இதில் நீண்ட நாள் கோபம். ஒரு கட்டடத்தில் நாலு இடத்தில் கேஜ் ஒட்டிவிட்டு, முழுக் கட்டடமும் கண்காணிப்பில் இருக்கிறது என்று கலர் கலராகப் படம் போட்டுக் காட்டுவார்கள். அந்த நாலு புள்ளிக்கு இடையில் இருக்கிற கலர் எல்லாம் கணினி தானாக நிரப்பினது.

ஃபைபரில் அந்தச் சிக்கல் இல்லை, முழு நீளமும் சென்சர்தான். கண்ணாடியை உருக்கி இழையாக இழுக்கும்போது அடர்த்தியில் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அப்படியே உறைந்துபோகும். ஒளியை அனுப்பினால் அந்த இடங்களில் துளித் துளியாகச் சிதறித் திரும்பி வரும், இதுதான் ரேலே சிதறல். அந்தச் சிதறல் ஒவ்வொரு இழைக்கும் கைரேகை மாதிரித் தனி. இழையைச் செருகி அளக்கிற மெஷின் லேசரின் அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போய் அதை ஒரு தடவை பதிந்து வைக்கிறது. பிறகு இழை எந்த இடத்தில் நீண்டதோ அந்த இடத்துக்கான நிறமாலை மட்டும் கொஞ்சம் நகர்ந்து நிற்கும், எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் விகாரம் வந்துவிடும். மில்லிமீட்டர் கணக்கில் இடைவெளி விட்டு அளக்கலாம், எங்கள் 2 மீட்டர் பீமில் ஆயிரம் இடத்துக்கு மேல். வயர் எத்தனை? ஒன்று.

சரி, இப்போது கனெக்டர் கதை. இதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

மெஷினில் இருக்கிற வாய் எல்சி வகை, சின்னத் தலை, பச்சை நிறம். உங்கள் வீட்டு ரவுட்டருக்கு வருகிற ஃபைபரில் பெரிய சதுரத் தலை இருக்குமே, அது எஸ்சி, அதிலும் பச்சை உண்டு. பச்சையும் நீலமும் அழகுக்காகப் போட்டவை இல்லை. நீலத்தில் இழையின் முனையை நேராகத் தீட்டியிருப்பார்கள். பச்சையில் 8 பாகை சரிவாகத் தீட்டியிருப்பார்கள், முனையில் பட்டுத் தெறிக்கிற ஒளி வந்த வழியே திரும்பாமல் பக்கவாட்டில் வெளியேறிவிடும். எங்களுக்கு இது உயிர் போகிற விஷயம், ஏனென்றால் நாங்கள் தேடுகிற ரேலே ஒளி அவ்வளவு பலவீனமானது. முனையிலிருந்து பளிச்சென்று ஒரு தெறிப்பு வந்தால் அதற்குப் பின்னால் இருக்கிறது எதுவும் தெரியாது.

இதை வாங்கத்தான் புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெரு முழுக்க அலைந்தேன். ஒரு கடையில் பெட்டியில் பச்சை என்று எழுதியிருக்கிறது, உள்ளே நீலம். காட்டினால் அந்த ஆள் சொல்கிறார், "தம்பி, ரெண்டும் ஒண்டுதான், கலர்தான் வேற, செருகினா போகும்." போகும்தான், அதுதான் பிரச்சினையே! சரிவாக இருக்கிற முகத்தில் நேரான முகத்தை அமுக்கினால் இடையில் காற்று நிற்கும், ஒளியும் குறையும், தெறிப்பும் வரும், அதற்கு மேல் மெஷினின் வாயில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு? அந்த மெஷின் பல பத்தாயிரம் டொலர் பெறுமதி. அவர் அதற்கு 450 ரூபாய் சொன்னார். காசு எனக்குப் பெரிதில்லை, பிழையான சாமானைச் சரியானது என்று கையில் திணிப்பதுதான் எரிச்சல். அதே தெருவில் இன்னும் கொஞ்சம் உள்ளே, மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கடையில், "நானா, எல்சி பச்சை, ஒரு முனை போதும்" என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் லாச்சியைத் திறந்து எடுத்து, மூடியைக் கழற்றி, முனையைச் சின்னப் பூதக்கண்ணாடியில் பார்த்து, துடைத்து, மறுபடி மூடி போட்டுத் தந்தார். 600 ரூபாய். பேரமே பேசவில்லை. இன்னும் 600 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வாங்கினதை எங்கள் இழையோடு ஸ்ப்ளைசிங் மெஷினில் ஒட்ட வேண்டும். மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கிளீவரால் வெட்டி, இரண்டு முனையையும் நேருக்கு நேர் வைத்தால் மின்பொறி கண்ணாடியை உருக்கி ஒட்டிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும், கொழும்பு வெக்கையில் நெற்றி வியர்வை கீழே விழாமல் இருந்தால் சரி. திரையில் வந்த இழப்பு 0.01 டெசிபெல். படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன், இங்கேயும் போடுகிறேன், பாருங்கள், சேர்ந்த இடமே தெரியாது.

ஐயோ, ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன், இழையின் மற்ற முனை. அதைச் சும்மா வெட்டி விட்டால் அந்த வெட்டு முகமே முகம் பார்க்கிற கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும். அதனால் கடைசிக் கொஞ்சத்தை மெல்லிய குச்சியில் நெருக்கமாகச் சுற்றி வைத்தோம், இறுக்கமான வளைவில் ஒளி கசிந்து போய்விடும், திரும்பி வர ஒன்றும் மிஞ்சாது.

இழையைக் கம்பியில் ஒட்டுகிற வேலைதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. போன வீடியோவில் வேகமாக ஓட்டிக் காட்டிவிட்டேன், பலர் கேட்டார்கள், இப்போது சொல்கிறேன். முறுக்குக் கம்பியில் நீளவாட்டில் ஒரு வரம்பு ஓடும் இல்லையா, அதன் ஓரமாகத்தான் இழை போகிறது. முதலில் அந்த ஓரத்தை மட்டத் தாளால் உரசி, துரு போக்கி, துடைக்க வேண்டும். இழையின் ஒரு முனையைப் பிடித்து, மற்ற முனையில் சின்னப் பாரம் தொங்கவிட்டு நேராக்க வேண்டும். கொஞ்சம் இழுவை இருந்தால்தான் பிறகு கம்பி சுருங்கினாலும் இழை தொய்யாமல் அதைக் காட்டும். சுப்பர் குளுவால் அங்கங்கே ஒரு பொட்டு, பிறகு முழு நீளத்துக்கும் எபொக்சி. எபொக்சிக்கு நடுவே காற்றுக் குமிழி நின்றால் அந்த இடத்தில் கம்பி நீளும், இழை நீளாது. கொங்கிறீட்டிலிருந்து இழை வெளியே வருகிற இடத்தில்தான் பெரும்பாலும் அறுபடும், அங்கே மென்மையான மஞ்சள் குழாய் போட்டோம். மெஷின் எவ்வளவு விலையாக இருந்தாலும் இருக்கட்டும், பசை சரியில்லை என்றால் அது பசையின் கதையைத்தான் சொல்லும்.

இப்போது நேற்று. பீமின் இரண்டு பக்கமும் தாங்கி, நடுவில் இரண்டு இடத்தில் ஜாக்கியால் அமுக்கினோம். ஆரம்பத்தில் திரையில் விகாரத்தைக் காட்டுகிற கோடு வழுவழு என்று இருக்கிறது, நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்து, பாடப் புத்தகத்தில் போட்ட மாதிரி. இன்னும் கொஞ்சம் அமுக்கினோம். அந்தக் கோட்டில் ஓரிடத்தில் ஒரு கூர் முளைத்தது. நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து அந்த அளவில் பார்க்கிறேன், பீமின் அடியில் ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுண்ணாம்பு பூசித்தான் இருக்கிறது, மயிரிழை வந்தாலும் தெரியும், இல்லை. லெப்பில் இருந்த அக்கா, வீடியோவில் முகம் வேண்டாம் என்றார், அவர் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். அடுத்த தடவை பாரம் ஏற்றினபோது பென்சில் கோட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல்! என் விரல் அதன் மேல் இருந்தது. பிறகு அடுத்த கூர், அடுத்த விரிசல், வரிசையாக. காரணம் இதுதான், கொங்கிறீட் வெடித்த இடத்தில் இழுவையைத் தாங்க ஆள் இல்லை, முழுச் சுமையும் கம்பிக்கு வருகிறது, அந்த இடத்தில் மட்டும் கம்பி கூடுதலாக நீள்கிறது. இரண்டு விரிசலுக்கு இடையில் கொங்கிறீட் மறுபடி கொஞ்சம் பங்கு எடுக்கிறது, கோடு இறங்குகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். கண்ணெதிரே கோடாகப் பார்த்தது நேற்றுத்தான்.

விரிசல் அகலமானபோது சில இடங்களில் அளவு விட்டுவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். குறுகிய தூரத்துக்குள் விகாரம் திடீரென்று ஏறி இறங்கினால் மெஷினால் பழைய பதிவோடு பொருத்திப் பார்க்க முடியாமல் போகும். இழையின் மேலுறை கொஞ்சம் மென்மையாக இருந்தால் கூர் மழுங்கும், ஆனால் அறுபடுகிற ஆபத்தும் குறையும். எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தெரிவு செய்ய வேண்டியது.

கருத்துகளில் ஒருவர் கேட்டிருந்தார், இதே மெஷினை 2021 இல் திறந்த புதிய களனிப் பாலத்தில் மாட்டலாமா என்று. இந்த வகை சில பத்து மீட்டருக்குத்தான் சரி. நீளமான பாலம், சுரங்கம், குழாய்ப் பாதை என்றால் பிரிலுவான் சிதறல் முறை. அதில் திரும்பி வருகிற ஒளியின் அதிர்வெண் ஏறக்குறைய 11 கிகாஹேர்ட்ஸ் தள்ளி இருக்கும், இழை நீண்டால் அந்தத் தள்ளல் மாறும், பல பத்து கிலோமீட்டர் போகலாம். ஆனால் 10 நானோ செக்கன் ஒளித் துடிப்பு அனுப்பினால் ஒரு மீட்டருக்கு ஒரு சராசரிதான் கிடைக்கும். 0.1 மில்லிமீட்டர் விரிசல் அந்த ஒரு மீட்டரில் பரவி 100 மைக்ரோஸ்ட்ரெயினாகத் தெரியும், விரிசல் என்று தெரியாது. வெப்பமும் சேர்ந்து குழப்பும், 1 பாகை செல்சியஸ் ஏறினால் 20 மைக்ரோஸ்ட்ரெயின் போலக் காட்டும். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடி காலைக்கும் மத்தியானத்துக்கும் எவ்வளவு மாறும் என்று யோசியுங்கள். அதற்காகப் பக்கத்திலேயே குழாய்க்குள் ஒட்டாமல் தளர்வாக இன்னொரு இழை போடுவார்கள், அது வெப்பத்தை மட்டும் சொல்லும், கழித்துக்கொள்ளலாம்.

வெப்பம் மட்டும் வேண்டும் என்றால் மூன்றாவது சிதறல் இருக்கிறது, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1928 இல் கல்கத்தாவில் கண்டு 1930 இல் நோபல் வாங்கின அதே ராமன் விளைவு. அணைக்கட்டுகளில் நீர் கசிகிற இடம் சுற்றியுள்ள மண்ணை விடக் குளிரும் அல்லது சுடும், அதை வைத்துக் கசிவைப் பிடிக்கிறார்கள். சமனலவெவ அணையில் நீர் நிரப்பின காலத்திலேயே வலது கரையில் கசிவு வந்தது ஞாபகம் இருக்கும், அந்த வீடியோ போட்டிருக்கிறேன்.

எனக்கு ஆசை பாலத்தில் இல்லை, வெள்ளவத்தையில்தான். ஒழுங்கைக்கு ஒழுங்கை அடுக்குமாடிக்குக் குழி தோண்டுகிறார்கள், பக்கத்து வீட்டுச் சுவர் வெடிக்கிறது, பிறகு யார் செய்தது என்று சண்டை. வெடிப்பின் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டி உடைகிறதா என்று பார்ப்பார்கள், அது வெடித்த பிறகு பார்க்கிற வேலை. தோண்ட முதல் மதில் நீளத்துக்கு ஒரு இழையை ஒட்டி, ஒரு தடவை அளந்து வைத்தால், எந்த வாரம், எந்த இடத்தில், எவ்வளவு என்று சண்டையே இல்லாமல் சொல்லலாம். இழை விலை ஒன்றுமில்லை. மெஷினையும் அங்கேயே வைத்திருக்கத் தேவையில்லை, வாரம் ஒரு தடவை கொண்டுபோய்ச் செருகி அளந்துவிட்டு வரலாம். இதை ஏன் யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அதனால் ஒரு உதவி. கொழும்புக்குள் யாராவது மேல் மாடி போடப் போகிறீர்கள் என்றால் எனக்கு எழுதுங்கள், ஒரு பீமில் இலவசமாக இழை ஒட்டித் தருகிறோம், லெப்பிலும் சம்மதம் வாங்கிவிட்டேன். ஆனால் கம்பி கட்டி முடிந்த பிறகு, கொங்கிறீட் போட இரண்டு நாளைக்கு முன்பாவது சொல்ல வேண்டும், எபொக்சி காய ஒரு இரவு போகும். மேசன் பாசிடமும் முதலே சொல்லி வையுங்கள், மஞ்சள் குழாய் வருகிற இடத்தில் போக்கரை விட வேண்டாம் என்று.