இரண்டு ரப்பர் இதழ்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஜூன் மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். மண்டபத்தில் என் மைத்துனர் ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, என்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதெல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். அவரும் கடன் வாங்கி எல்லா வேலையும் பார்த்தார். தடை முடிந்து மீன்பிடிக்கப் போன முதல் தடவையிலேயே, இரவு 11 மணிக்கு, என்ஜின் கொதித்து நின்றுவிட்டது.

நங்கூரம் போட்டிருக்கிறார்கள், தரையில் பிடிக்காமல் இழுபட்டிருக்கிறது. கச்சான் என்கிற மேற்குக் காற்று படகைக் கிழக்கே தள்ளுகிறது. கிழக்கே என்ன இருக்கிறது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1974இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு இருக்கிறது. தண்ணீரில் கோடு தெரியாது. தாண்டிவிட்டால், என்ஜின் கோளாறு என்று சொல்லி நிரூபிப்பதற்குள் படகும் போய்விடும், ஐந்து பேருடைய குடும்பமும் தெருவில் நிற்கும். நல்ல வேளையாக வயர்லெஸ்ஸில் கூப்பிட்டதும் பக்கத்தில் இருந்த படகு வந்து, கயிறு கட்டி இழுத்து வந்தது. விடியற்காலை கரை சேர்ந்தார்கள். என் தங்கை அன்று இரவு முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவில் பல ஆண்டுகள் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். மறுநாள் நானே போய் என்ஜினைப் பார்த்தேன். கடல்தண்ணீரை உறிஞ்சி என்ஜினைக் குளிர வைக்க ஒரு பம்பு இருக்கும். எங்கள் பக்கம் உப்புத்தண்ணி பம்பு என்போம். அதற்குள்ளே பூ மாதிரி இதழ் இதழாக ஒரு ரப்பர் இம்பெல்லர் சுற்றும். நாள்பட்டால் அந்த இதழ்கள் உடையும். அப்போது புது இம்பெல்லர் போட வேண்டும். தடைக்காலத்தில் புதுசு போட்டிருந்தார்கள். அதுவும் நல்ல இம்பெல்லர்தான், சரியாகத்தான் மாட்டியிருந்தார்கள். பிறகு ஏன் கொதித்தது?

பழைய இம்பெல்லரில் உடைந்துபோன இதழ்கள் எங்கே போகும்? தண்ணீரோடு குழாயில் போய், என்ஜின் சூட்டைக் கடல்தண்ணீர் வாங்கிக்கொள்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் அடைத்துக்கொள்ளும். அதனால் பழசைக் கழற்றியதும் இதழை எண்ண வேண்டும். பத்து இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தால், மிச்சம் இரண்டையும் தேடி எடுக்காமல் மூடியை மாட்டக் கூடாது. நான் கழற்றிப் பார்த்தபோது அந்த இரண்டும் அங்கேதான் இருந்தன. நகம் அளவு ரப்பர்.

வேலை பார்த்த பட்டறைக்குப் போனேன். 22 வயதுப் பையன். அவனிடம், "தம்பி, பழசுல எத்தனை இதழ் உடைஞ்சிருந்துச்சு?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "எண்ணலையே சார். எண்ணணுமா?" என்றான்.

அந்தக் கேள்வியில் திமிர் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அன்றைக்கு அவன் மேல் கோபப்படத்தான் போனேன். அந்தக் கேள்விக்குப் பிறகு கோபப்பட முடியவில்லை.

உட்கார்ந்து பேசினேன். பட்டறையில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறதாம். அதற்கு முன்னால் ஐஸ் பிளாண்டில் கொஞ்ச நாள், ராமேசுவரத்தில் ஒரு லாட்ஜில் கொஞ்ச நாள், திருப்பூரில் ஒரு வருஷம். இங்கே நாளுக்கு 400 ரூபாய். வேலை இல்லாத நாளில் கூலி கிடையாது. அவனுக்கு முன்னால் அதே பட்டறையில் 15 வருஷம் வேலை பார்த்த மூத்த மெக்கானிக் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அவருக்கும் இவனுக்கும் நடுவில் ஒரு நாள்கூடப் பழக்கம் இல்லை. அவர் போன பிறகுதான் இவன் வந்திருக்கிறான்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. இம்பெல்லர் மாற்றுவது எப்படி என்று புத்தகத்தில் இருக்கிறது. உடைந்த இதழை எண்ண வேண்டும் என்பதைப் பக்கத்தில் நிற்கிற மூத்தவர், ஸ்பேனரைக் கையில் வாங்கிக்கொண்டு, "இரு, முதல்ல எண்ணு" என்று சொல்வார். அந்த மூத்தவர் கட்டுப்படியாகாமல் போய்விட்டார். இளையவனும் கட்டுப்படியாகாமல் ஆறு மாதத்தில் போய்விடுவான். இருவரும் ஒரே கூரையின் கீழ் இரண்டு வருஷம் சேர்ந்து நிற்கிற மாதிரி சம்பளம் இல்லை. அப்புறம் வேலை எங்கிருந்து தெரியும்?

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பு இல்லை, எப்போதும் கையில் போன்" என்று நாம் சொல்கிறோம். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நானும் பல வருஷம் சொன்னேன். இப்போது அந்தப் பேச்சை நான் விட்டுவிட்டேன். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாளுக்கு 319 ரூபாய். அதுவே ஒரு குடும்பத்துக்குப் போதாது. அதைவிட எண்பது ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, ஒரு பையன் ஐந்து பேருடைய உயிரைச் சுமக்கிற என்ஜினுக்குப் பொறுப்பேற்கிறான். 400 ரூபாய்க்கு அவனிடம் இன்னும் எவ்வளவு கவனத்தைக் கேட்பது?

பழைய காலம் பொற்காலம் என்றும் சொல்ல மாட்டேன். என் தகப்பனார் கீழக்கரைப் பக்கம் ஓடாவி, அதாவது படகு கட்டுகிற தச்சர். வத்தை, வள்ளம் என்று படகுகளை மரத்தில் கட்டிய காலம். பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிக் கலப்பத்து பார்ப்பார்கள். அந்த வேலையைக் கற்க அவர் தன் குருவின் வீட்டில் இரண்டு வருஷம் கூலியே இல்லாமல் கிடந்தார். உளிப்பிடியால் அடி வாங்கியிருக்கிறார். அது திரும்பி வர வேண்டும் என்று யாரும் விரும்பக் கூடாது. ஆனால் வேலை கைக்கு வந்த பிறகு, அந்தக் கூலியில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டோம், மூன்று பேர் படித்தோம். இரண்டு வருஷம் பொறுத்தால் பின்னால் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பையனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பத்து வருஷம் பட்டறையில் இருந்தால் 700 ரூபாய். அதற்கு மேல் இல்லை.

என் அக்கா மண்டபம் பக்கம் ஒரு கம்பெனியில் நண்டுச் சதை எடுக்கும் வேலைக்குப் போனவர். கிலோ கணக்கில் கூலி. ஓட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லாமல் சதையைப் பிரிக்கத் தெரிந்தவர், ஆனால் அப்படிப் பிரித்தால் மெதுவாகத்தான் ஆகும். வேகமாக எடுத்தால் சதையில் ஓடு வரும். எடை போடுகிற இடத்தில் ஓட்டுக்கும் எடை உண்டு. "சுத்தமா எடுத்தா நான் தான்டா நட்டப்படுறேன்" என்று அக்கா சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. கூலியை அப்படி வைத்துவிட்டுச் சதையில் ஓடு கிடக்கிறது என்று பெண்களைத் திட்டினால் அது என்ன நியாயம்?

பள்ளிக்கூடத்திலும் இதையேதான் செய்தோம். 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி நடத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பல ஆண்டு போராடித்தான் அது 12,500 ரூபாய் ஆனது. பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்க வேண்டியவரே, சாயங்காலம் வேறு ஒரு வேலைக்கு ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலை.

பாம்பன் பாலத்தைப் பற்றி நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுவோம். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். பொறுப்பேற்றிருந்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது 32 வயது. அந்தப் பெயரை மறக்கக் கூடாது. அதோடு கடலுக்குள் விழுந்த கர்டரைத் தூக்கி எடுத்து, திருப்பி இடத்தில் பொருத்திய கைகளையும் நினைக்க வேண்டும். அந்தக் கைகள் 46 நாளில் வேலை கற்றவை அல்ல.

பட்டறைக்காரரையும் நான் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள். டீசல் விலை ஏறுகிறது, மீன் விலை வியாபாரி சொல்வதுதான். படகுக்காரர் பட்டறையில் பாக்கி வைக்கிறார். என் மைத்துனரே பாதிப் பணத்தைத் தீபாவளிக்குத்தான் கொடுத்தார். பட்டறைக்காரர் அந்தக் குறையைப் பையனின் கூலியில் கழிக்கிறார். கடைசியில் அந்தக் கணக்கு அந்த இரவில் கடலில்தான் வந்து நின்றது. இழுத்து வந்த படகுக்கு டீசல், கெட்டுப்போன மீன், வெடித்த ஹெட் கேஸ்கட் என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பையனுக்கு நாளுக்கு 300 ரூபாய் கூட்டி ஆறு மாதம் கொடுத்திருக்கலாம். நான் என் மைத்துனரிடம் காகிதத்தில் எழுதியே காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தப் பட்டறைக்குப் போகத் தொடங்கினேன். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தடவையாக முறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். டீசல் லைனில் காற்று எடுப்பது, உப்புத்தண்ணி என்ஜினை அரிக்காமல் இருக்க வைக்கிற துத்தநாகக் கட்டை எவ்வளவு கரைந்தால் மாற்றுவது, எல்லாம். பையன் சட்டென்று பிடித்துக்கொள்கிறான். அவனுக்கு நல்ல கை. அந்த இரண்டு ரப்பர் இதழையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு டூல் பெட்டிக்குள் வைத்திருக்கிறான்.

போன வாரம் அவன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். நான் பட்டறைக்காரரிடம் பேசினேன். படகுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து முன்பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பையனுக்கு நாளுக்கு 700, வேலை இல்லாத நாளிலும் பாதிக் கூலி, ஊரில் இருக்கிற ஒரு மூத்த மெக்கானிக்கை வாரம் இரண்டு நாள் வரவழைக்கச் செலவு, இதுதான் கணக்கு என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஏப்ரல் 15க்குப் படகுகள் மறுபடி கரையேறும். அவர் இன்னும் சொல்லவில்லை.

வணக்கம்.