ஷார்ட் ஆன பிறகு செக் இன்ஜின் லைட் அணையவில்லை: சென்சாரை மாற்றலாமா?

அடுத்த கேள்வி குளச்சலில் இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். பெட்ரோல் கார். இன்ஜின் பக்கம் போகிற வயர்கட்டு சைலன்சர் பைப்பில் பட்டு உருகி, ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருக்கிறது. டேப் சுற்றி, புது ஃபியூஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வண்டி ஓடுகிறது, ஆனால் செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0135, பி0141, பி0443 என்று மூன்று கோளாறுக் கோடு (code). அழித்தாலும் ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது. “ரெண்டு ஆக்சிஜன் சென்சாரையும் மாத்தச் சொல்றாங்க, மாத்தலாமா அண்ணே?” என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. இப்போதைக்கு எந்த சாமானும் வாங்காதீர்கள்.

இந்த மூன்று கோடும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். பி0135 முன் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்; சைலன்சர் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கிற சென்சார் அது, அதைச் சீக்கிரம் சூடாக்குவதுதான் ஹீட்டர். பி0141 பின் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். பி0443 பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடுகிற பர்ஜ் வால்வின் சர்க்யூட். சென்சார் தப்பாக அளக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை. மூன்றுமே கரண்ட் போகிற வழியைத்தான் சொல்கின்றன. ஒரே நாளில் மூன்று பொருள் தனித்தனியாகக் கெட்டுப்போகுமா? பல வண்டிகளில் இந்த மூன்றுக்கும் ஒரே ஃபியூஸில் இருந்துதான் பன்னிரண்டு வோல்ட் வரும். அந்தப் பொதுவான வயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் வண்டியின் வயரிங் படத்தை வைத்து அது எந்த ஃபியூஸ் என்று பாருங்கள். புதிதாகப் போட்டது திரும்பவும் போயிருக்கலாம். அது நன்றாக இருந்தால், முன் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போது ஹீட்டர் சப்ளை வருகிற வயரைச் சோதியுங்கள்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், ‘சப்ளை சரி, சென்சார்தான் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். உள்ளே ஒரே ஒரு இழை செம்பு மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 காட்டத்தான் செய்யும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுப்பதில்லை. அதனால் இண்டிகேட்டரில் போடுகிற 21 வாட் பல்பை அந்த வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் போடுங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும், ஹீட்டர் இழுக்கிற அளவுக்குக் கிட்ட. பல்பு நன்றாக எரிந்தால் வயர் சரி. மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ, அந்த டேப் சுற்றிய இடத்தைப் பிரித்துப் பாருங்கள்.

நம்ம கடலோரத்தில் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளச்சல், முட்டம் பக்கமெல்லாம் உப்புக்காற்று. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. டேப்புக்குள் ஈரம் புகுந்தால் செம்பு பச்சையாகி உதிர்ந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பச்சை பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அதே கனத்தில் புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்குகிற, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். பைப்பில் இருந்து தள்ளிக் கட்டி, மேலே சூடு தாங்குகிற ஸ்லீவும் போடுங்கள்.

சப்ளை மூன்று இடத்திலும் (இரண்டு சென்சார், பர்ஜ் வால்வு) நன்றாக இருந்தால் மட்டும் சென்சாருக்கு வாருங்கள். ஆறிய பிறகு ஹீட்டரின் இரண்டு வயருக்கும் நடுவில் மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். பல சென்சார்களில் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும். சில ஓம்ஸ் முதல் பதினைந்து வரை வந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. அதுவும் சரி என்றால் மீதி இரண்டுதான்: இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவுக்குப் போகிற கண்ட்ரோல் வயர் அறுந்திருக்கலாம், இல்லை ஷார்ட்டில் இசியூவுக்குள் ஹீட்டரை ஆன்-ஆஃப் பண்ணுகிற ‘டிரைவர்’ என்கிற பாகம் எரிந்திருக்கலாம். வயரைச் சோதிக்காமல் இசியூவைக் கழற்ற விடாதீர்கள்.

புகைப் பரிசோதனையில் பாஸ் ஆகிவிட்டது என்று இதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அங்கே சைலன்சரில் வருகிற புகையைத்தான் அளக்கிறார்கள், இந்தக் கோடுகளைப் பார்ப்பதில்லை. முன் சென்சார் சூடாகத் தாமதமானால் அதுவரை இன்ஜின் குத்துமதிப்பாகத்தான் பெட்ரோல் விடும்.

பல்பு வைத்துப் பார்த்துவிட்டு, எந்தக் கனெக்டரில் எப்படி எரிந்தது என்று கமெண்டில் எழுதுங்கள் தம்பி, வண்டியின் மாடலும் வருடமும் சேர்த்து.