தோழி நான் கண்டீர்

வணக்கம் நேயர்களே.

சென்ற ஆண்டு என் தோழிக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. அவள் கணவர் வெளியூரிலிருந்து வந்து சேர இரவாகிவிடும். மருத்துவமனையில் சேர்க்கைப் படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். 'நோயாளிக்கு என்ன உறவு?' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கொஞ்சம் யோசித்து, 'தங்கை' என்று எழுதினேன். வலியோடு சாய்ந்திருந்தவள் எட்டிப் பார்த்து, "பொய்யையாவது ஒழுங்காக எழுது. என்னைவிட நாலு மாதம் மூத்தவள் நீ. அக்கா என்று போடு" என்றாள். அடித்துத் திருத்தினேன்.

அன்று இரவு முழுவதும் எனக்குத் தேவந்தியின் நினைவு. சிலப்பதிகாரத்தைப் பலமுறை படித்தவர்கள்கூட அவளை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். புகாரில் கண்ணகியின் தோழி அவள். அவள் கணவன் தீர்த்த யாத்திரை என்று சொல்லிவிட்டுப் போனவன். கண்ணகியின் கணவனோ மாதவி வீட்டில். தன் குறையோடு கோயிலுக்குப் போகிறவள், அறுகும் சிறுபூளையும் நெல்லும் தூவித் தோழிக்காக வேண்டிக்கொள்கிறாள். கண்ணகி தான் கண்ட கெட்ட கனவை அவளிடம் சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடிக் மன்மதனான காமவேளைத் தொழுதால் கணவன் வந்து சேர்வான், வா, இருவரும் போவோம் என்கிறாள் தேவந்தி. "பீடன்று" என்கிறாள் கண்ணகி. பெருமையில்லை, அவ்வளவுதான். தேவந்தியின் முகம் சுருங்கியதா என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. அதற்குள் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான்.

பிறகு பல காதைகள் வரை அவள் பேச்சே இல்லை. கடைசியில் வாழ்த்துக் காதையில் வருகிறாள். கண்ணகியை வளர்த்த செவிலியோடும் அடித்தோழியோடும் மதுரைக்கு வந்து, அங்கே கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரியின் மகள் ஐயையையும் அழைத்துக்கொண்டு, வையைக் கரையோடு போய் மலையேறி, கண்ணகியின் கோயிலுக்குள் நுழைகிறாள். எதிரே சேர மன்னன் செங்குட்டுவன். அவனுக்குத் தாங்கள் யார் என்று சொல்லியாக வேண்டுமே! செவிலி, தன்னைத் தாய் என்கிறாள். தேவந்தி சொல்வது இது: "சோணாட்டார் பாவைக்குத் தோழி நான் கண்டீர்." சோழ நாட்டுப் பெண்ணுக்குத் தோழி நான், அவ்வளவுதான்.

அப்புறம்தான் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம். இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து, கங்கையில் நீராட்டி, தெய்வமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஊரே கும்பிடுகிறது. தேவந்தி, தாயை இழந்த ஐயையை அந்தத் தெய்வத்துக்குக் காட்டி, "கண்டாயோ தோழீ" என்று கேட்கிறாள். பழைய வீட்டு முற்றத்தில் அழைத்த அதே அழைப்பு.

என் தோழியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மறுபடியும் ஒரு படிவம், மறுபடியும் அதே கட்டம். இந்த முறை தயங்காமல் 'தோழி' என்று எழுதிக் கொடுத்தேன். பணியில் இருந்த பெண் பழைய தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேர்க்கும்போது அக்காவாக இருந்தீர்களே அம்மா?" என்றார்.

வணக்கம்.