மஞ்சளும் கறுப்புமான வரிகள்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, இளைய நண்பர்களே,

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஏசாயாவின் ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்தைத் தமிழில் வாசித்து வளர்ந்தவர்களுக்கு, தழும்புகளால் குணமாகிறோம் என்னும் ஐந்தாம் வசனம் மனப்பாடமாக இருக்கும். தழும்பு என்றால் நமக்கு ஆறிய புண்ணின் வடுதான். வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘ஸ்ட்ரைப்ஸ்’ என்றிருக்கிறது. சாட்டை முதுகில் பதித்த கோட்டுக்கும் அதுதான் பெயர். வரிக்குதிரையின் வரிக்கும் அதுதான் பெயர். கலிபோர்னியாவில் நான்கு இளைஞர்கள் இந்தச் சிலேடையைப் பிடித்துக்கொண்டு ‘ஸ்ட்ரைப்பர்’ என்று தங்கள் ராக் இசைக்குழுவுக்குப் பெயர் வைத்து, பெயருக்கு அடியில் வசன எண்ணையும் எழுதி, தலை முதல் கால் வரை மஞ்சளும் கறுப்புமான வரிகளோடு மேடையேறினார்கள். உண்மையைச் சொன்னால், வரி முதலில் வந்தது, வசனம் பின்னால் வந்தது. டிரம்ஸ் வாசிப்பவரான ராபர்ட் ஸ்வீட்டுக்கு அந்த நிறச் சேர்க்கையின்மேல் அப்படியொரு பித்து. கையில் கிடைத்த எல்லாவற்றிலும் அதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதற்குரிய வேதவசனம் பிறகு கிடைத்தது. ஆனால் கிடைத்த பிறகு அந்த உடை வெறும் உடையாக இருக்கவில்லை. அந்த உடை இந்தக் குழுவுக்கு என்ன கொடுத்தது, எதைப் பறித்தது என்பதே இன்றைய என் பேச்சு.

கிறிஸ்தவ ராக் இசை இவர்களால் தொடங்கப்பட்டதன்று. 1960களின் இறுதியில் கலிபோர்னியாவின் ஹிப்பி இளைஞர்களிடையே எழுந்த இயேசு இயக்கத்தில் லாரி நார்மன் போன்றவர்கள் கிட்டாரோடு சுவிசேஷம் சொன்னார்கள். 1972-இல் இண்டியானாவில் பெட்ரா என்ற குழு உருவாயிற்று. ஆனால் அவர்கள் பாடியது பெரும்பாலும் ஏற்கெனவே நம்பியவர்களுக்கு. அவர்களுடைய இசைத்தட்டுகள் விற்றது கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில். ஸ்ட்ரைப்பர் வந்த வழி வேறு. லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் சாலையில் மதுவும் மின்விளக்குமாக இருந்த விடுதி மேடைகளில், ‘ராக்ஸ் ரெஜீம்’ என்ற பெயரில், மெட்டல் எனப்படும் கனத்த ராக் இசையின் மற்றக் குழுக்களைப் போலவே முடி வளர்த்து, கண்ணுக்கு மை தீட்டி வாசித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். ராபர்ட்டின் தம்பி மைக்கேல் பாடகர், கிட்டாரும் வாசிப்பார். இன்னொரு கிட்டார் ஆஸ் ஃபாக்ஸ். பேஸ் கிட்டார் டிம் கெய்ன்ஸ்.

ஸ்வீட் சகோதரர்களின் வீட்டுக்குள் விசுவாசம் வந்த கதையை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது தேவைப்படும். 1975 அளவில், மைக்கேலுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஜிம்மி ஸ்வாகர்ட் என்ற லூசியானா சுவிசேஷகரின் தொலைக்காட்சிப் பிரசங்கத்தைப் பார்த்துத்தான் அந்தக் குடும்பம் இயேசுவை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு சகோதரர்கள் இருவரும், சபைகளில் சொல்வார்களே, விசுவாசத்தை விட்டு விலகும் பின்மாற்றம் என்று, அதில் விழுந்து சில ஆண்டுகள் விடுதி மேடைகளிலேயே காலம் கழித்தார்கள். 1983-இல் நண்பர் ஒருவர் வந்து, இந்தக் குழுவைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுங்கள் என்று சொன்னதைக் கேட்டு, ஒப்புக்கொடுத்தார்கள். இசையை மாற்றவில்லை, முடியை வெட்டவில்லை, மேடையையும் மாற்றவில்லை. பாட்டின் சொற்களை மட்டும் மாற்றினார்கள்.

1984-இல் எனிக்மா நிறுவனம் அவர்களுடைய முதல் குறுந்தொகுப்பை வெளியிட்டது, ஆறு பாடல்கள். 1985-இல் வந்த ‘சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்’ ஐந்து லட்சம் பிரதிகள் கடந்து தங்கத்தட்டுத் தகுதி பெற்றது. அமெரிக்க செனட்டில் ராக் பாடல்களின் சொற்களைப் பற்றி விசாரணை நடந்த ஆண்டும் அதுவே. இசைத்தட்டைப் பின்னோக்கிச் சுழற்றினால் சாத்தானின் குரல் கேட்கும் என்று பெற்றோர்கள் மெய்யாகவே அஞ்சிய காலம் அது. அந்தக் காலத்தில், அதே முடியும் அதே இரைச்சலுமாக வந்து நின்ற நான்கு பேர் கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசினார்கள். கிட்டார் மீட்டும் வில்லைகளையும் டிரம்ஸ் குச்சிகளையும் ரசிகர்களுக்கு எறிவது ராக் மேடையின் வழக்கம். இவர்கள் எறிந்தது வேதாகமம். ராக் ரசிகர்களுக்கு அது வேடிக்கை, சபையாருக்கு அது அதிர்ச்சி. இரு தரப்பையும் ஒரே செய்கையில் நிமிர்ந்து உட்கார வைத்த துணிச்சலை நான் மெச்சுகிறேன்.

இவ்வளவு பேசிவிட்டு இசையைப் பற்றிப் பேசாமல் போனால், இந்தக் குழுவுக்கு நாற்பது ஆண்டுகளாக எல்லாரும் செய்த தவற்றை நானும் செய்தவனாவேன். ஸ்ட்ரைப்பரின் தனித்தன்மை இரண்டு கிட்டார்களின் உறவில் இருக்கிறது. மெட்டல் குழுக்கள் பலவற்றில் ஒருவர் தாளக்கட்டைப் பிடித்திருக்க, மற்றவர் தனியாவர்த்தனம் போல ஓடிக் காட்டுவார். இங்கே மைக்கேலும் ஃபாக்ஸும் தனி வாசிப்பையே இருவருக்குமாக முன்கூட்டி அமைத்துக்கொண்டு, ஒரே சொற்கட்டை இருவேறு சுருதி நிலைகளில், மூன்றாம் சுரத்து இடைவெளியில், ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கிறாற்போல இணைந்து வாசிப்பார்கள். ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் போன்ற ஆங்கிலேயக் குழுக்களிடமிருந்து கற்ற வித்தைதான் அது. ஆனால் அதன்மேல் மூன்று நான்கு குரல்கள் சேர்ந்திசைக்கும் பல்லவியை ஏற்றியது இவர்களுடைய கைவண்ணம். மைக்கேலின் குரல் மேல் ஸ்தாயியில் கத்தியைப் போல வெட்டிக்கொண்டு போகும்; மெதுவான பாட்டில் அதே குரல் நெகிழும். ராபர்ட் தம் டிரம்ஸைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, தம் கைவீச்சு முழுவதும் அவையோருக்குத் தெரியும்படி வாசித்தார். இசைத்தட்டு உறைகளில் தம்மைக் கண்ணுக்குத் தாளம் காட்டுபவர் என்றே குறித்துக்கொண்டார். கொஞ்சம் மிகைதான். ஆனால் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

1986 அக்டோபரில் வந்தது ‘டு ஹெல் வித் தி டெவில்’. பிசாசு நரகத்துக்குத் தொலையட்டும் என்பதுதான் தலைப்பின் பொருள். ஆனால் நரகம், பிசாசு என்ற இரண்டு சொற்களையும் அட்டையில் பார்த்தவர்கள் அதற்குமேல் வாசிக்கவில்லை. முதல் அட்டையில் நான்கு தேவதூதர்கள் பிசாசைத் தள்ளிவிடும் ஓவியம் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அதை நீக்கிவிட்டுக் கறுப்பு அட்டையில் குழுவின் பெயரை மட்டும் அச்சிட்டார்கள். அந்தத் தொகுப்பு பத்து லட்சம் பிரதிகள் விற்றது. கிறிஸ்தவ மெட்டல் இசைத்தட்டு ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதன்முறை. எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் நேயர்கள் தொலைபேசியில் கேட்கும் விருப்பப் பாடல்களில் இவர்களுடையவை மேல்வரிசையில் நின்றன. ‘ஆனஸ்ட்லி’ என்ற மெல்லிசைப் பாடல் பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழின் முதல் நூறு பாடல்களில் 23-ஆம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டை ஒருவர் காதலிக்காகவும் பாடலாம், கடவுளுக்காகவும் பாடலாம். ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் கேட்டுப் பழகிய நமக்கு அதில் வியப்பொன்றுமில்லை. அமெரிக்கச் சபைகளுக்கு அது பெரிய சிக்கலாகத் தெரிந்தது.

இனி ஸ்வாகர்ட்டிடம் திரும்ப வேண்டும். எந்த மனிதரின் பிரசங்கத்தால் இந்தச் சகோதரர்கள் இரட்சிக்கப்பட்டார்களோ, அந்த மனிதரே இவர்களைக் கண்டித்துப் பேசினார். ராக் இசையும் கிறிஸ்தவமும் ஒன்றாகச் சேரவே முடியாது என்றார். ரசிகர்கள் நடுவே வேதாகமத்தை எறிவது பன்றிகளுக்கு முன்னால் முத்துக்களைப் போடுவது என்றார். இங்கே இடைச்செருகலாக ஒன்று சொல்கிறேன்: ராக் அண்ட் ரோல் இசையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான ஜெர்ரி லீ லூயிஸ், இதே ஸ்வாகர்ட்டின் நெருங்கிய உறவினர், இருவரும் லூசியானாவின் ஃபெரிடே என்ற சிற்றூரில் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகப் பியானோ கற்றவர்கள். ராக் இசையை வெளியிலிருந்து பார்த்த அந்நியர் அல்லர் ஸ்வாகர்ட். வீட்டுக்குள்ளேயே அதனோடு மல்லுக்கட்டியவர். 1988 பிப்ரவரியில் தம் சொந்தத் தவற்றுக்காக அவரே தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதைச் சொல்லி மகிழ்வதில் எனக்கு விருப்பமில்லை. தமக்கு வழி காட்டியவரே வாசலில் நின்று தடுக்கும்போது பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1988-இல் வந்த ‘இன் காட் வி டிரஸ்ட்’ விற்றது. ஆனால் கீபோர்டு மெருகு அதிகமாகி, கிட்டார் உள்ளே புதைந்துபோன தொகுப்பு. அதைக் கடந்துபோகிறேன்.

1990-இல் வரிகளைக் கழற்றினார்கள். ‘அகெய்ன்ஸ்ட் தி லா’ தொகுப்பின் படங்களில் மஞ்சள் இல்லை. கறுப்புத் தோலாடையில் நான்கு பேர் நின்றார்கள். மாட்லி க்ரூ என்ற மெட்டல் குழுவின் இசைத்தட்டுகளைத் தயாரித்த டாம் வெர்மன் தயாரிப்பாளர். பாடல்களில் கடவுளின் பெயர் மறைந்தது. உலகப் பாட்டு என்று சபையார் ஒதுக்கும் வகையைச் சேர்ந்த எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் பாடல் ஒன்றையும் எடுத்துப் பாடியிருந்தார்கள். கிறிஸ்தவ ரசிகர்கள் துரோகம் என்றார்கள். மெட்டல் ரசிகர்களோ, வரி போட்ட பையன்கள் வரியைக் கழற்றிவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் தாமும் குடியில் விழுந்திருந்ததை மைக்கேலே பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எனிக்மா நிறுவனமும் அந்த வேளையில் நொடித்துக்கொண்டிருந்தது. ஆனால் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். அதுவரை அவர்கள் வாசித்தவற்றில் விரல் மிகத் தளர்வாகவும் தாளம் மிக இறுக்கமாகவும் அமைந்தது அந்தத் தொகுப்பில்தான் என்பது என் கருத்து. உடைக்காகவே அடையாளம் காணப்பட்டவர்கள் உடையில்லாமல் வந்தபோது, அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று கேட்க யாரும் காத்திருக்கவில்லை.

பழியெல்லாம் உடையின்மேல் போடுவதும் நேர்மையாகாது. 1991 செப்டம்பரில், ஒப்பனை எதுவுமில்லாத நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வெளிவந்தபோது, முடி வளர்த்து மை தீட்டிய அத்தனை குழுக்களுக்கும் கடை அடைக்கும் நேரம் வந்துவிட்டது. வரி போட்டவர்கள், போடாதவர்கள் என்ற வேறுபாடெல்லாம் அந்த அலைக்கு இல்லை. 1992-இல் மைக்கேல் விலகினார். மற்ற மூவரும் சில காலம் இழுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

பத்தாண்டுகளுக்குமேல் இடைவெளி. 2003-இல் பழைய நால்வரும் மறுபடி சுற்றுப்பயணம் போனார்கள். 2005-இல் ‘ரீபார்ன்’ வந்தது. மைக்கேலுக்கு இதனிடையே வேறொரு மேடையும் கிடைத்தது: பாஸ்டன் என்ற புகழ்பெற்ற குழுவின் பாடகர் பிராட் டெல்ப் 2007-இல் மறைந்த பின், அவருக்கான அஞ்சலி நிகழ்ச்சியில் பாடி, பிறகு அந்தக் குழுவோடு சில ஆண்டுகள் பாடினார். எந்தச் சபைக்கும் சொந்தமில்லாத குழு அது. 2009-இல் அவருடைய மனைவி புற்றுநோயால் இறந்தார். அதன் பின் வந்த தொகுப்புகளில், குறிப்பாக நேப்பிள்ஸ் நகரத்து நிறுவனமான ஃபிரண்டியர்ஸ் வெளியிட்ட 2013-ஆம் ஆண்டின் ‘நோ மோர் ஹெல் டு பே’யில், வயதானவர்களின் இசை மெலியும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, கிட்டார் இளமைக் காலத்தைவிடக் கனத்தது. கீபோர்டு போனது. இரட்டைக் கிட்டார் வெளியே வந்தது. மஞ்சளும் கறுப்பும் திரும்ப வந்தன. ஆனால் இப்போது அவற்றை அவர்கள் பழைய நண்பனின் சட்டையைப் போல இயல்பாக அணிந்திருந்தார்கள்.

தலைப்புச் சண்டை மட்டும் தீரவில்லை. 2018-இல் ஒரு தொகுப்புக்கு ‘காட் டாம் ஈவில்’ என்று பெயர் வைத்தார்கள். முதல் இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் வசை. தீமையைச் சபிக்கும்படி கடவுளிடம் வேண்டுவது என்று மைக்கேல் விளக்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்ன அதே விளக்கம்.

முடிக்குமுன் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2015-இல் வந்த ‘ஃபாலன்’ தொகுப்பில் பிளாக் சபத் குழுவின் ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ பாடலை இவர்கள் பாடியிருக்கிறார்கள். சாத்தானின் குழு என்று சபைகள் சுட்டிக் காட்டிய முதற்பெயர்களில் ஒன்று பிளாக் சபத். ஆனால் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த அதன் பேஸ் கிட்டார் கலைஞர் கீசர் பட்லர் சொற்களை எழுதி, 1971-இல் அந்தக் குழு வெளியிட்ட இந்தப் பாடல், மரணத்துக்குப் பின் என்ன என்று கேட்டு, கடவுளை நம்பு என்று வெளிப்படையாகவே சொல்லும் பாடல். ஸ்ட்ரைப்பர் அதைப் பாடியபோது, 1983-இல் தங்கள் சொந்தப் பாடல்களுக்குச் செய்ததுபோலச் சொற்களை மாற்ற வேண்டிய தேவை எழவே இல்லை.

வணக்கம்.