மேசைக்கு வந்த கடிதம்

நண்பர்களே, துணிகர முதலீட்டாளர், அதாவது புதுக் கம்பெனிகளில் துணிந்து பணம் போடுபவர் என்றதும் பெட்டி நிறையப் பணத்தோடு ஒரு மனிதர் கண்முன் வருவார், இல்லையா? அந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஆர்தர் ராக்கிடம் 1957இல் அப்படி ஒன்றும் கிடையாது. நியூயார்க்கில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். வயது 30.

அந்த வருஷம் அவர் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. கலிபோர்னியாவில் வில்லியம் ஷாக்லியிடம் வேலை பார்த்தவர்களின் கடிதம். ஷாக்லி, மின்னணுக் கருவிகளுக்கு அடிப்படையான டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசு வாங்கிய மேதைதான். ஆனால் அவரிடம் வேலை பார்ப்பது பெரும்பாடு. எங்களை மொத்தமாக வேலைக்கு எடுத்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். ராக் நேரில் போய்ப் பேசினார். வேலை எதற்கு, நீங்களே ஒரு கம்பெனி தொடங்குங்கள் என்றார்.

சொல்வது சுலபம். பணம்? முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளைக் கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் ஷெர்மன் ஃபேர்சைல்ட் என்ற தொழிலதிபர் ஒப்புக்கொண்டார். இதற்கெல்லாம் முன்பு, அந்த விஞ்ஞானிகளும் ராக்கும் கூட்டுச் சேர்ந்த அன்று ஒப்பந்தக் காகிதம்கூடத் தயாராக இல்லையாம். பத்து ஒரு டாலர் நோட்டுகளை எடுத்து, விஞ்ஞானிகள் எட்டுப் பேரும் ராக்கும் அவருடைய மேலதிகாரி காயிலும் ஒவ்வொரு நோட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். அதுதான் பத்திரம்! அப்படிப் பிறந்ததுதான் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற சில்லுக் கம்பெனி.

1961இல் ராக் சான் பிரான்சிஸ்கோவுக்கே குடிபெயர்ந்து, டாமி டேவிஸ் என்பவருடன் சேர்ந்து 50 லட்சம் டாலர் நிதி திரட்டினார். அதில் முதலீடு செய்தது ஏறக்குறைய 30 லட்சம்தான். ஏழு வருஷத்தில் கிட்டத்தட்ட 10 கோடி டாலராகத் திரும்பியது. மீதிப் பணத்தைப் போட ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஆட்கள் வரிசையில் நின்றிருப்பார்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் 'வேண்டாம்' என்று சொல்வதுதான்.

1968இல் அந்த எட்டுப் பேரில் இருவர், ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும், இன்டெல் என்ற சில்லுக் கம்பெனியைத் தொடங்கக் கிளம்பினார்கள். ராக் தொலைபேசியை எடுத்தார். ஒரே நாளில் 25 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. திட்ட அறிக்கை சில பக்கம்தான். அறிக்கையை விட ஆளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அப்புறம் ஆப்பிள் கதை. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆளைப் பார்த்தே முடிவெடுப்பவருக்கு, ஆப்பிளைத் தொடங்கிய ஜாப்ஸையும் வாஸ்னியாக்கையும் பார்த்ததும் பிடிக்கவில்லை. நீண்ட முடி, தாடி! ஆனால் ஒரு கணினிக் கண்காட்சிக்குப் போனபோது மற்ற கடைகள் ஈயாடின, ஆப்பிள் கடையில் மட்டும் நெருங்க முடியாத கூட்டம். சரி, நம் கண்ணை விட இந்தக் கூட்டம் சொல்வது சரியாக இருக்கலாம் என்று நினைத்திருப்பார் போல. 1978இல் 57,600 டாலர் போட்டார். இயக்குநர் குழுவிலும் இடம் பிடித்தார்.

பணம் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 1985இல் ஜாப்ஸுக்கும் ஆப்பிளின் தலைமை அதிகாரி ஜான் ஸ்கல்லிக்கும் மோதல் வந்தபோது, குழுவில் ராக் ஸ்கல்லி பக்கம் நின்றார். பிறகு ஆப்பிள், ஐபிஎம்மோடும் மோட்டரோலாவோடும் சேர்ந்து, இன்டெலுக்குப் போட்டியாகவே பவர்பிசி சில்லைக் கொண்டுவந்தது. ராக் இருந்ததோ இரண்டு கம்பெனிகளின் குழுவிலும். 1993இல் ஆப்பிள் குழுவை விட்டு விலகினார். இன்டெலில் இருந்துகொண்டார்.